வன்னி மரமும் கோல்ஃப் புல்லும்

போன வாரம் நண்பர் ஒருவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வறண்ட நாடுகளில் கோல்ஃப் மைதானங்கள்தான் இனி ஊரைக் குளிர்விக்கப் போகின்றன என்று அடித்துப் பேசினார். துபாயில் ஒன்பது வருஷம் கோல்ஃப் மைதான நீர்ப்பாசன வேலை பார்த்தவன் நான். அங்கேயே பாதி சொல்லிவிட்டேன். மீதி இங்கே.

குளிர்ச்சி பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை பம்ப் ரூமிலிருந்து வெளியே வந்தால், ஷூவைக் கழற்றிவிட்டு ஃபேர்வேயில் (மைதானத்தின் நடுவே ஓடும் புல்வெளி) நடக்கத் தோன்றும். ஆள்காட்டிக் குருவி கத்தும். கொண்டலாத்தி புல்லுக்குள் புழு தேடும். பாலைவனத்துக்கு நடுவில் இது சாதாரண விஷயமில்லை.

ஆனால் புல் சும்மா குளிராது. மண்பானை ஏன் குளிர்கிறது? தண்ணீர் கசிந்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. புல்லும் அதேதான். தண்ணீரைக் குடித்துக் காற்றில் விடுகிறது. உச்சிக் கோடையில் ஒரு நாளைக்கு 7 மில்லிமீட்டர் கேட்கும். சின்ன எண்ணாகத் தெரிகிறதா? ஒரு சதுர மீட்டருக்கு 7 லிட்டர். 40 ஹெக்டேர் புல் என்றால் 28 லட்சம் லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் 233 லோடு, தினமும். துபாயில் வருஷத்துக்கே பெய்கிற மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான்.

"அது குடிதண்ணி இல்லையே, சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணிதானே" என்றார் நண்பர். பல மைதானங்களில் அதுதான். ஊதா நிறக் குழாயில் வரும். உப்பு கொஞ்சம் தூக்கல். அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ள அவ்வப்போது கூடுதலாகவும் விட வேண்டும். ஆனால் பூங்காவுக்கும் சாலையோர மரத்துக்கும் போவதும் அதே தண்ணீர்தான். புல்லுக்கு விட்டது மரத்துக்கு இல்லை.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைவன நகரமான லாஸ் வேகாஸில் இந்தக் கணக்கு இன்னும் கறார். அங்கே வீட்டுச் சாக்கடையில் போகிற தண்ணீர் சுத்தமாகி, கொலராடோ ஆற்றை அணை கட்டித் தேக்கிய மீட் ஏரிக்கே திரும்புகிறது. திரும்புகிற அளவுக்கு ஆற்றிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மண்ணில் ஊற்றிய தண்ணீர் அப்படித் திரும்புவதில்லை. அதனால்தான் 2021-ல் நெவாடா சட்டம் போட்டது: யாரும் பயன்படுத்தாத அலங்காரப் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. கோல்ஃபுக்கு விலக்கு உண்டு (இருக்காதா பின்னே!). ஆனாலும் ஏக்கருக்கு வருஷம் 6.3 அடி ஆழத்துக்கு இருந்த ஒதுக்கீட்டை 4 அடியாக வெட்டிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்துக்குப் புல் அவசியம் என்பதும் பழக்கதோஷம்தான். எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988-ல் புல்லோடு வருவதற்கு முன் துபாயில் மணலிலேயே ஆடினார்கள். எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான் 'கிரீன்', அதாவது குழியைச் சுற்றியுள்ள இடம். அதற்குப் பெயரே 'பிரவுன்'. பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு துண்டுப் பாயைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்களாம்.

மத்தியானம் 2 மணிக்கு உடம்பு கேட்பது புல்லை இல்லை, நிழலை. அதற்கு அங்கேயே மரம் இருக்கிறது. கஃப் என்பார்கள், அமீரகத்தின் தேசிய மரம். முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தது. நம்ம வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே மரம். வேரை ஆழத்துக்கு விட்டுத் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். (அதன் ஒன்றுவிட்ட தம்பி சீமைக் கருவேலமும் அங்கே வந்து தொல்லை கொடுக்கிறது. எங்க ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.)

மைதானத்தை ஊருக்குத் திறந்துவிட்டு, ஆட்டத்துக்குத் தேவையில்லாத புல்லை எடுத்து வன்னியும் வேம்பும் வைத்தால், நண்பர் சொன்னதை நானும் ஒத்துக்கொள்வேன். திறப்பது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. கோல்ஃபின் பிறந்த வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், 'ஓல்ட் கோர்ஸ்' என்கிற புகழ்பெற்ற மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்றைக்கு ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கும். நான் வேலை பார்த்த இடத்திலோ, வேலியைச் சுற்றி வில்லா வீடுகள். அத்தனை லோடு தண்ணீரின் குளிர்ச்சியும் ஏற்கெனவே ஏசி ஓடுகிற ஜன்னல்களுக்குத்தான் போனது.

ஷிஃப்ட் முடிந்தால் எங்களை பஸ்ஸில் ஏற்றி, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குக் கொண்டுபோய் விடுவார்கள். சுற்றிலும் சிமெண்ட், தகரம், லாரி நிறுத்தும் இடம். வாசலில் ஒரே ஒரு வேப்ப மரம். தஞ்சாவூர்க்கார அண்ணன் ஒருத்தர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பழைய பெயிண்ட் வாளியில் பிடித்து தினமும் அதற்கு ஊற்றுவார். வெள்ளிக்கிழமை முடிவெட்டு, சீட்டாட்டம், ஊருக்கு போன் எல்லாமே அந்த மரத்தடியில்தான். நான் கிளம்பும்போது நிழல் பத்துப் பேருக்குக் காணும். மீதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்.