மைக்கை வாங்கிவிட்டால் சந்தேகம் போய்விடுமா?

சபை விஷயத்தைச் சபைக்குள்ளேயே பேசுவோம், முகநூலுக்கு எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சாட்சி நேரத்தில் மனசிலிருந்த சந்தேகத்தைச் சொன்ன ஒரு அக்காவிடமிருந்து மைக்கை வாங்கிய அந்த வீடியோவைக் குரூப் குரூப்பாக அனுப்பியது நான் இல்லை. கீழே "விசுவாசக் குறைவு", "சாட்சி நேரத்தில் சாத்தானுக்கு இடம் கொடுக்காதீர்கள்" என்று எழுதியதும் நான் இல்லை. இத்தனைக்கும் பிறகு "வெளியில் பேசாதே" என்று எனக்குப் புத்தி சொல்ல வராதீர்கள்.

நடந்ததைத் திரும்ப விவரிக்கத் தேவையில்லை, எல்லாரும் பார்த்தாயிற்று. அந்த அக்கா பேசியது மொத்தமே மூன்று வரி. "ஜெபிக்க உக்காந்தா வார்த்தையே வரமாட்டேங்குது. அவர் கேக்குறாரா இல்லையான்னே தெரியல. ஆனாலும் வந்திருக்கேன்." மூன்றாவது வரி முடிவதற்குள் மைக் கைமாறிவிட்டது. கீபோர்டு தம்பி கோரஸைத் தூக்கிவிட்டார். கைதட்டல் வேறு.

அந்த மூன்றாவது வரியை யாராவது காதில் வாங்கினீர்களா? ஆண்டவர் இல்லை என்று முடிவு கட்டியவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து, பைபிளைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பாரா? கேட்கிறாரா என்று தெரியாமலேயே அவருடைய வாசலில் வந்து நிற்பதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லையென்றால், வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்?

சங்கீதம் 88-ஐ எடுத்துப் படியுங்கள். மொத்தம் 18 வசனம். இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறது; ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறது; சிநேகிதனையும் தோழனையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்ற புகாரோடு அப்படியே முடிந்துபோகிறது. கடைசியில் ஸ்தோத்திரம் இல்லை, அல்லேலூயா இல்லை, "ஆனாலும் ஜெயம் கொடுத்தார்" இல்லை. இதை எழுதிய ஏமானின் பாட்டை அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தலைப்பிலேயே இருக்கிறது: இராகத்தலைவனிடம் ஒப்படைத்தார்கள். பாடகர் குழுவிடம் கொடுத்துப் பாட வைத்தார்கள். நம் சபையாக இருந்திருந்தால் நாலாவது வசனத்திலேயே கீபோர்டு ஆரம்பித்திருக்கும்.

88 மட்டும் இல்லை. 150 சங்கீதங்களில் எண்ணிக்கையில் அதிகமான வகையே புலம்பல்தான். அது போதாதென்று புலம்பல் என்றே ஐந்து அதிகாரத்தில் தனிப் புத்தகம் இருக்கிறது. நாம் கிழித்துத் தினக்காலண்டரில் ஒட்டிக்கொள்ளும் வசனங்கள் வேறு. வேதத்தில் இருப்பது வேறு.

உடனே யாக்கோபு 1:6-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன். சரி. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படித்தீர்களா? ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று 1:5 சொல்கிறது. கேட்கிறவனைத் தேவனே கடிந்துகொள்ளமாட்டாராம். அந்த வேலையை நமக்கு யார் கொடுத்தது?

மத்தேயு 28-ல் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற மகா கட்டளையைச் சுவரில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம், 19-ஆம் வசனத்திலிருந்து. பெயின்ட் அடிக்காத 17-ஆம் வசனம் இது: சீஷர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டு பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அடுத்து என்ன நடக்கிறது? சந்தேகப்பட்டவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் மட்டும் கட்டளை கொடுத்தாரா? எல்லாரையும் சேர்த்துத்தான் அனுப்பினார். மாற்கு 9-ல் பிசாசு பிடித்த பையனின் தகப்பன் "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். பையனுக்குச் சுகம் கிடைக்கிறது. முதலில் அவிசுவாசத்தைச் சரிசெய்துவிட்டு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை.

இயேசுவின் சீஷர் தோமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டவர். அவர் இரத்தம் சிந்திய இடம் என்று பாரம்பரியம் சொல்லும் பரங்கிமலைக்குப் படியேறிப் போகிறோம், சாந்தோமில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், ஆனால் யோவான் 20:26-ஐக் கவனிப்பதில்லை. "காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் விசுவாசிக்கமாட்டேன்" என்று அடித்துச் சொன்ன பிறகும், எட்டு நாள் கழித்து தோமா அவர்களோடுதான் அதே வீட்டுக்குள் இருக்கிறார். மற்ற பத்துப் பேரும் அவரைக் குரூப்பிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் இயேசு வந்தபோது அவர் அங்கே இருந்திருக்கமாட்டார்.

"புதிதாக வந்தவர்கள் கேட்டால் இடறிப்போவார்களே?" இதுதான் குரூப்பில் அதிகம் வந்த கேள்வி. புதிதாக வருகிறவர் வீட்டில் கடன் இல்லையா, வியாதி இல்லையா, மகனுக்கு வேலை கிடைத்துவிட்டதா? எல்லாருமே ஜெயித்தவர்களாகப் பேசும் இடத்தில்தான் அவர் "இது நமக்கான இடம் இல்லை போல" என்று எழுந்து போகிறார். ஆராதனை நேரம் நீண்டுவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மூன்று வரிக்கு அந்த நியாயம் பொருந்தாது. "புறமதத்தார் பார்த்துச் சிரிப்பார்கள்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. வீடியோவைப் பரப்பியது அவர்.

நம் சாட்சி நேரத்தின் அமைப்பே கோளாறு. பிரச்சினை இருந்தது, ஜெபித்தோம், விடுதலை கிடைத்தது, காணிக்கைக் கவர் இதோ. எல்லாமே நடந்து முடிந்த கதை. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவர் எப்போது பேசுவது? மாற்றுவது ஒன்றும் கஷ்டம் இல்லை. நாலு சாட்சிக்கு ஒரு விண்ணப்பம் என்று இடம் விடுங்கள். ஒருவர் இரண்டு நிமிடம் பேசட்டும். மேடையிலிருந்து விளக்கம் வேண்டாம், ஆறுதல் பிரசங்கம் வேண்டாம், "ஆனாலும் சிஸ்டர்" என்ற பேச்சே வேண்டாம். எல்லாரும் எழுந்து பரமண்டல ஜெபம் சொல்லட்டும். பேசுகிறவர் வீட்டு விவரத்தை அதிகம் கொட்டத் தொடங்கினால் ஒரு மூத்த சகோதரி பக்கத்தில் போய்த் தோளில் கைவைத்தால் போதும். வீடியோ எடுக்கும் தம்பி அந்த நேரம் மட்டும் கேமராவை அணைத்து வைக்கட்டும். இவ்வளவுதான்.

புது வருஷ நள்ளிரவு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் என்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இதே ரகம். எரேமியா 29:11 வந்துவிட்டால் வீடே சந்தோஷப்படுகிறது, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. முந்தின வசனத்தில் 70 வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்று இருக்கிறதே? 5-ஆம் வசனத்தில் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்று இருக்கிறதே? முழுசாகப் படித்தவருக்கு ஏப்ரல் மாதம் ஒன்றும் நடக்காவிட்டாலும் அடி பலமாக விழாது. அட்டையை மட்டும் படித்தவர் "எனக்குத்தான் விசுவாசம் போதவில்லை" என்று தன்னையே குத்திக்கொள்கிறார்.

அதைவிட மோசம், அந்த அக்காவிடம் ஆராதனை முடிந்து வாசலில் ஒருவர் "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? மூன்று நாள் உபவாசம் எடுத்துட்டு அதை நிறுத்திப் பாருங்க" என்றாராம். இதைச் சும்மா விட முடியாது. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் வரலாம். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், மறுபடி வராமல் இருக்க. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை. மனநிலை ஏற்றத்தாழ்வுக்காக லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, கை நடுக்கமும் வாந்தியும் வந்து ஆஸ்பத்திரியில் போய் நிற்கும். டாக்டரைக் கேட்காமல் இதில் கைவைக்க எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை.

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்றால் பவுலையும் சேர்த்துத் திட்டுங்கள். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் அவர். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்றும் எழுதினார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தாரா? மனநோய்க்கு வைத்தியம் வேண்டும் என்று வேலூர் பாகாயத்தில் குடும்பத்தாரோடு தங்கிச் சிகிச்சை பெற ஏற்பாடு செய்ததும் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிதான்.

1 இராஜாக்கள் 19-ல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கர்மேலில் அக்கினியை இறக்கியவர் அதற்குள் இப்படிப் பேசுகிறார். தூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டார், படுத்தார். திரும்ப எழுப்பி, திரும்பச் சாப்பாடு. கேள்வியெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். வரிசையைக் கவனியுங்கள்: தூக்கம், சாப்பாடு, அதற்குப் பிறகு பேச்சு. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் "சகலமும் நன்மைக்குத்தான்" என்று ரோமர் 8:28, அப்புறம் எழுப்புதல் கூட்டத்துக்கு அழைப்பு, சாப்பாடு கடைசிவரை கிடையாது.

லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் என்றால் எல்லாரும் தலையை ஆட்டுவீர்கள். 1856-ல் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்தி, நெரிசலில் ஏழு பேர் செத்தார்கள். அவருக்கு வயது 22. அந்தச் சோர்வு வாழ்நாள் முழுக்க விட்டு விட்டு வந்தது, அதை அவர் மேடையிலேயே சொன்னார். டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய அறையை விட்டு வெளியே வரவில்லை. இருபது வருஷம். அவர்களிடமும் போய் மைக்கை வாங்குங்களேன்.

இதே நிலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு மட்டும் ஒன்று. ஒரு வருஷத்தில் பைபிளை முடிக்கும் அட்டவணையை மூடி வையுங்கள். 1,189 அதிகாரம், நாளைக்கு மூன்றுக்கும் மேல். லேவியராகமத்தில் நின்றுபோய், நின்றதற்காக வேறு குற்ற உணர்ச்சி. அதற்குப் பதில் சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டும் கேட்பது, கடைசி இரண்டும் நம்பிக்கை. சத்தமாக வாசியுங்கள், முடிந்தால் ஒரு தாளில் கையால் எழுதுங்கள். ஐந்தாம் வசனத்துக்குத் தாவாதீர்கள். அது மனசிலிருந்து வராவிட்டால் நாலாம் வசனத்தோடு நிறுத்துங்கள், நாளைக்குத் திரும்ப முதலிலிருந்து. அதுவும் ஜெபக் கணக்கில்தான் வரும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் 14416-க்கு அடியுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம். அடிப்பதற்குப் பாஸ்டரின் அனுமதி வேண்டியதில்லை.

இதுவரைக்கும் அந்த அக்கா வீட்டுக்கு யாரும் போகவில்லை என்று கேள்வி. கைகூப்பிய இமோஜி மட்டும் வரிசையாகப் போயிருக்கிறது. யோபின் சிநேகிதர்கள் கூட ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

புதன்கிழமை சாயங்காலம் போகிறோம். இரண்டு பேர் போதும், கூட்டமாக வராதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம். ரசமும் ஒரு பொரியலும் கேரியரில் எடுத்து வரக்கூடியவர் இன்பாக்ஸில் சொல்லுங்கள். வசனம் மட்டும் எடுத்து வருகிறவர் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள்.