பெயருக்கு முன்னால் ஒட்டும் சொல்

"திருட்டு வழக்கு: புலம்பெயர்ந்த தொழிலாளி கைது."

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு பத்திரிகையின் டெஸ்கில், அதாவது செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் பிரிவில், இருந்தபோது நான் போட்ட தலைப்பு. நான்கு வரிச் செய்தி, ஒரே ஒரு பத்தி (காலம்) அகலம். அதே பக்கத்தில் அதை ஒட்டியே இன்னொரு செய்தி. பல குடும்பங்களின் சேமிப்பைச் சுருட்டிய நிதி நிறுவன உரிமையாளர் பிடிபட்டிருந்தார். அதற்கு நான் போட்ட தலைப்பு, "நிதி மோசடி: ஒருவர் கைது".

ஒருவர்! அவருக்கு ஊர் இல்லை, இனம் இல்லை, மதம் இல்லை. காலையில் அச்சான பக்கத்தைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி அந்தப் பக்கத்தைப் பார்த்த நாலைந்து பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

யாரும் வன்மத்தோடு செய்யவில்லை என்பதுதான் என்னை இன்றுவரை தொந்தரவு செய்கிறது. போலீஸ் கொடுத்த பிரஸ் நோட்டில் "புலம்பெயர்ந்த தொழிலாளி" என்று இருந்தது, ரிப்போர்ட்டர் அப்படியே அனுப்பினார். பக்கம் முடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, நான் அந்த ஒரு பத்தி அகலத்துக்கு அடங்குகிற மாதிரி தலைப்பு வைத்தேன். (தலைப்பை ரிப்போர்ட்டர் வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது டெஸ்கின் வேலை.) நிதி நிறுவனக்காரரைப் பற்றி ஒரு சொல் பிசகினாலும் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தோம். தொழிலாளிக்கு வக்கீல் இல்லை. அவர் தரப்பைக் கேட்க யாரும் போன் செய்யவும் இல்லை. சில மாதங்கள் கழித்து அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டதைத் தற்செயலாகத்தான் கேள்விப்பட்டேன். அதற்குப் பிரஸ் நோட் வரவில்லை, எங்கள் பத்திரிகையில் அது செய்தியாகவும் வரவில்லை.

ஒரு சமூகத்தைப் பற்றி வாசகர் மனதில் பதிகிற சித்திரம் தலையங்கத்தில் உருவாவதைவிட இந்த நான்கு வரிச் செய்திகளில்தான் அதிகம் உருவாகிறது என்று நான் நம்புகிறேன். தலையங்கத்தோடு வாசகர் சண்டை போடுவார். துணுக்குச் செய்தியோடு யார் சண்டை போடுகிறார்கள்?

1880-ல் தொடங்கிய அமெரிக்கப் பத்திரிகை 'தி கன்சாஸ் சிட்டி ஸ்டார்'. 2020 டிசம்பரில் தன்னுடைய பழைய இதழ்களையே புரட்டிப் பார்த்து, கறுப்பின மக்களைப் பற்றித் தான் எழுதிய விதத்துக்காக மன்னிப்புக் கேட்டது. அப்போது வெளியே வந்தவற்றில் ஒன்று 1977 வெள்ளம். அந்த வெள்ளத்தில் 25 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் கறுப்பினத்தவர். பத்திரிகையின் கவனமோ ஒரு பெரிய வணிகப் பகுதியின் பொருட்சேதத்தில் இருந்தது. அந்த நகரத்தில் வளர்ந்த ஜாஸ் இசை மேதை சார்லி பார்க்கருக்கு அந்தப் பத்திரிகையில் சொல்லும்படியான தலைப்பு கிடைத்ததே 1955-ல் அவர் இறந்தபோதுதான். அப்போதும் பெயரில் எழுத்துப் பிழை, வயதும் தப்பு. உலகமே கொண்டாடிய கலைஞனின் பெயரைச் சரிபார்க்கக்கூட அந்த டெஸ்கில் ஆள் இல்லை.

டெஸ்கில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அமெரிக்க நகரங்களில் 1967-ல் நடந்த இனக் கலவரங்களை விசாரிக்க அரசு அமைத்த கெர்னர் குழு, அடுத்த வருடம் தந்த அறிக்கையில் பத்திரிகைகளுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. அமெரிக்காவில் செய்திப் பணியில் இருந்தவர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆசிரியர் பொறுப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது அது. பெண்கள் கதையும் இப்படித்தான். உலகளாவிய ஊடகக் கண்காணிப்புத் திட்டத்தின் கணக்குப்படி, செய்திகளில் இடம்பெறுபவர்களிலும் கருத்துச் சொல்பவர்களிலும் பெண்கள் 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25 சதவீதம். கால் நூற்றாண்டுக்கு எட்டே புள்ளி!

இன்னொரு பக்கம் காசு. 1833-ல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே 'தி சன்' பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்றார். மற்றவர்கள் ஆறு சென்ட்டுக்கு விற்ற காலம் அது. விற்ற காசில் விழுந்த துண்டை விளம்பரம் நிரப்பியது. சாமானியர் கைக்குப் பத்திரிகை வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் விளம்பரம் கொடுப்பவர், யாரிடம் வாங்கும் சக்தி இருக்கிறதோ அவர் படிக்கும் பத்திரிகையைத்தான் தேடுவார். நாளடைவில் ரிப்போர்ட்டரும் அந்தப் பக்கமே அனுப்பப்படுகிறார். இல்லாதவர்கள் வசிக்கும் பகுதிக்குக் கத்திக்குத்து நடந்தால் மட்டும் போவார். பள்ளியில் தண்ணீர் இல்லை என்பதற்குப் போகமாட்டார்.

மாற்ற முடியாததா என்றால், இல்லை. 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று சொல்லும் தன் நடைக் கையேட்டை மாற்றியது. 'சட்டவிரோதம்' என்ற சொல்லை ஒரு செயலுக்குப் போடலாம், 'சட்டவிரோதக் குடியேறி' என்பதுபோல ஒரு மனிதருக்குப் போடக்கூடாது என்றது. ஒரு வரி விதிதான். அவசரத்தில் வேலை செய்பவருக்கு இப்படி ஒரு விதி பெரிய துணை.

டெஸ்கில் இருக்கும் தம்பி தங்கைகளே, கைதானவரின் இனத்தையோ மதத்தையோ தலைப்பில் வைக்கும் முன், அதே குற்றத்தை உங்கள் முதலாளியின் ஆள் செய்திருந்தால் அதை வைப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். கைதைப் போட்ட இடத்திலேயே, அதே அளவில் விடுதலையையும் போடுங்கள்.

படிப்பவர்களுக்கும் ஒன்று. கோபம் வந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள், ஆனால் எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்தச் சொல் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பொத்தாம்பொதுவாகத் திட்டி வரும் கடிதங்களை நாங்கள் ஓரம் வைத்திருக்கிறோம். தேதியும் பக்கமும் போட்டு வந்த கடிதத்துக்கு, யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பழைய இதழை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது.