எமின் பாஷாவை யார் மீட்கச் சொன்னார்கள்?

1888 ஏப்ரல், நடு ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரிக்கரை. எமின் பாஷாவைக் காப்பாற்ற காங்கோ காட்டைக் கடந்து வந்த ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லியின் ஆட்கள் கந்தலும் எலும்புமாக நிற்கிறார்கள். காப்பாற்றப்பட வேண்டியவரோ இஸ்திரி போட்ட வெள்ளை உடையில், தன் நீராவிக் கப்பலில் வந்து இறங்குகிறார். வந்தவர்களுக்குத் தானியமும் துணியும் கொடுத்ததே அவர்தான். எனக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை அந்தக் கால வரலாற்றில் கிடைக்கவில்லை.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. இயற்பெயர் எடுவார்ட் ஷ்னிட்சர். 1840இல் சிலேசியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், டாக்டருக்குப் படித்தவர். ஊரில் தொழில் செய்ய வழி அடைபட்டதும் துருக்கி சுல்தான் ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டார். அங்கே தனக்கு வேலை கொடுத்த ஒரு பாஷா (துருக்கிய உயர் அதிகாரிகளின் பட்டம்) இறந்ததும், அவர் மனைவி மக்களை ஊருக்குக் கூட்டிவந்து, தன் குடும்பம் என்று சொல்லி வைத்திருந்து, 1875இல் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். (அவருடைய ரசிகர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.) அடுத்து சூடானின் கார்ட்டூமில் தலைகாட்டியபோது பெயர் எமின். எகிப்து அரசின் வேலையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி கார்டன் அவரை, எகிப்தின் ஆட்சியில் இருந்த தெற்கு சூடானின் எக்குவட்டோரியா மாகாணத்துக்குத் தலைமை மருத்துவராக்கினார். 1878இல் அவரே ஆளுநர்.

எகிப்து ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய சூடானிய மதத்தலைவர் மஹ்தியின் படை 1885இல் கார்ட்டூமைப் பிடித்து கார்டனைக் கொன்றதும், எமினுக்கு வடக்கு வழி அடைபட்டது. தெற்கே வாடலாய்க்கு நகர்ந்தவர் அங்கேயும் ஆய்வுக்காகப் பறவைகளைத் தோலுரித்துப் பதப்படுத்திக்கொண்டிருந்தார். எதையும் மூக்கருகே கொண்டுவந்தால்தான் தெரியும், அவ்வளவு கிட்டப்பார்வை.

அவருக்குத் தேவைப்பட்டது தோட்டா. ஐரோப்பா அனுப்பியதோ மீட்புப் படை. அந்தப் படையோடு பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் வேலை அழைப்பும் வந்தது: மாகாணத்தைத் தன் கையில் இருந்த காங்கோவோடு சேர்த்து ஆளச் சொல்லி. இதற்குப் பெயர் மீட்பா? சான்சிபாரில் சேர்த்துக்கொண்ட 600க்கும் மேற்பட்ட சுமைகூலிகளில் பாதிக்கும் மேல் திரும்பவே இல்லை. பசி, காய்ச்சல், விஷ அம்பு. இந்தக் கதையில் எனக்கு வயிறு எரிவது அவர்களுக்காகத்தான்.

எமினின் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்து அவரைச் சிறைவைத்த பிறகுதான், அரைமனதாகக் கிளம்பினார். 1889 டிசம்பரில் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் பாகமோயோவில் விருந்து. கண் சரியாகத் தெரியாத மனிதர் மாடி ஜன்னல் வழியே விழுந்து மண்டை உடைந்தது. ஸ்டான்லி தனியாக ஐரோப்பா போனார். தேறி எழுந்த எமின், ஜெர்மன் அரசு வேலையில் சேர்ந்து, 1890இல் மறுபடி உள்நாட்டுக்கே நடையைக் கட்டினார். 1892இல் காங்கோ பக்கம் அடிமை வியாபாரிகளின் ஆட்கள் அவர் கழுத்தை அறுத்தார்கள். அந்த முறை மீட்க யாரும் வரவில்லை.