மூன்று முறை 27

பிப்ரவரி பிறந்தால் எங்கள் ஃபேண்டஸி பாஸ்கெட்பால் லீக் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாங்கள் போடும் கற்பனை டீம்கள்) வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணே, அந்தப் பையனை டிரேட் பண்ணிட்டாங்க. இப்ப எடுத்துப் போடலாமா?" பையனின் பெயர் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஜாதகம் மாறாது. 20, 21 வயசு. ஃபார்வர்டு. பழைய டீமில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவன். இனிமேல்தான் இவனுக்கு வாழ்வு என்று ஒரு கட்சி. இருந்த இடத்தில் ஒன்றும் கிழிக்காதவன் போன இடத்தில் என்னத்தைக் கிழிப்பான் என்று இன்னொரு கட்சி.

நான் இரண்டு கட்சியிலும் இருந்து மண்ணைக் கவ்வியவன். அதுவும் ஒரே ஆட்டக்காரர் விஷயத்தில். அந்தக் கதையைச் சொன்னாலே கேள்விக்கும் பதில் வந்துவிடும் என்பதால் இந்த நீளமான பதிவு.

அவர் பெயர் டோபியாஸ் ஹாரிஸ்.

2013 பிப்ரவரி 21. நான் சென்னையில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் டிரேட் கெடு, அதாவது டீம்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம், அவர்களுக்கு மதியம் 3 மணி, நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30. டீ குடிக்கக் கீழே இறங்கும் நேரம். மில்வாக்கி பக்ஸ், ஆர்லாண்டோ மேஜிக்கிடமிருந்து ஜே.ஜே. ரெடிக்கை வாங்கிவிட்டது என்று செய்தி. ரெடிக் அப்போதே பேர்பெற்ற ஷூட்டர், அதனால் எல்லோரும் அவரைப் பற்றித்தான் பேசினார்கள். அவரோடு குஸ்டாவோ அயோன், இஷ் ஸ்மித் இருவரும் மில்வாக்கிக்கு. பதிலுக்கு ஆர்லாண்டோ போனவர்கள் பெனோ உட்ரிஹ், டோரன் லாம்ப், பிறகு 20 வயது ஹாரிஸ். செய்தியில் கடைசி வரியில்தான் அவர் பெயரே இருந்தது.

(பக்ஸ் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் சுற்று ஆசையில் செய்த டிரேட் இது. ஆசைப்பட்டபடி எட்டாவது இடத்தில் உள்ளே போனார்கள். முதல் சுற்றில் மயாமி. ஆறே ஆட்டத்தில் தொடரை முடிப்போம் என்று பக்ஸின் பிராண்டன் ஜென்னிங்ஸ் சொன்னார். நாலே ஆட்டத்தில் முடிந்தது, முடித்தது மயாமி. அந்தக் கோடையிலேயே ரெடிக்கும் கிளம்பிவிட்டார்.)

ஃபேண்டஸி பாஸ்கெட்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நம் ஊர் கிரிக்கெட் ஆப் மாதிரி ஒரு நாளைக்கு ஒரு டீம் போடுகிற விளையாட்டு இல்லை இது. ஆறு மாத சீசன். லீக்கில் ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் எடுக்க முடியாது. எங்களுடையது 12 பேர், ஒன்பது கணக்கு: பாயிண்ட், ரீபவுண்டு (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடப் பந்து கொடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது), மூணு பாயிண்ட் ஷாட், ஃபீல்டு கோல் (ஆட்டத்தில் போடும் ஷாட்) சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிராளியிடம் இழப்பது). பணம் கிடையாது. கடைசி இடம் வருபவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். யாரும் எடுக்காமல் கிடக்கும் ஆட்டக்காரரை முதலில் பார்த்தவர் அள்ளிக்கொள்ளலாம். பந்திக்கு முந்து என்று சொன்னவர் இந்த விளையாட்டை ஆடித்தான் சொல்லியிருப்பார்.

அன்று நான் முந்தியிருக்கலாம். கையில் டீ, இன்னொரு கையில் போன். ஹாரிஸின் பக்கத்தைத் திறந்தேன். மில்வாக்கியில் 28 ஆட்டம், சராசரி 4.9 பாயிண்ட். மூடிவிட்டேன். 4.9 எடுக்கிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

காலையில் பார்த்தால் எங்கள் லீக்கில் இருக்கும் ஆடிட்டர் அண்ணன் அவரை எடுத்துவிட்டார். ஏன்ணே என்று கேட்டதற்கு அவர் தட்டிய பதில்: "ஆர்லாண்டோல ஆளே இல்லையேப்பா."

அதைவிட நல்ல ஃபேண்டஸி அலசலை நான் இன்றுவரை படித்ததில்லை. கணக்கு எழுதுகிறவர் புத்தி, நேராகக் காலி இருப்பைத்தான் பார்த்திருக்கிறார். ஆர்லாண்டோவின் பெரிய தலை ட்வைட் ஹோவர்ட் முந்தைய ஆகஸ்டிலேயே போய்விட்டார். பவர் ஃபார்வர்டு கிளென் டேவிஸுக்கு ஜனவரி 30 அன்று கால் எலும்பு முறிந்தது. அந்த இடத்தில் நின்று சமாளித்த ஜாஷ் மெக்ராபர்ட்ஸை, ஹாரிஸை வாங்கிய அதே நாளில் சார்லட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது இலை போட்டாகிவிட்டது, உட்கார ஆள் இல்லை. மில்வாக்கியில் நிலைமை நேர்மாறு. இல்யாசோவா, சாண்டர்ஸ், ஹென்சன், எம்பா அ மூட்டே, டன்லீவி, யூடோ, டாலம்பேர் என்று பந்தி நிரம்பி, ஹாரிஸ் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆர்லாண்டோவில் மிச்சமிருந்த சீசனில் அவர் ஆடியது 27 ஆட்டம். சராசரி 17.3 பாயிண்ட், 8.5 ரீபவுண்டு. ஏப்ரலில் பழைய டீமான மில்வாக்கிக்கு எதிராகவே 30 பாயிண்ட், 19 ரீபவுண்டு. எங்கள் லீக்கின் பிளேஆஃப் வாரங்களில் அண்ணன் என்னை என்ன பாடு படுத்தினார் என்பதை விட்டுவிடுகிறேன்.

பையன் திடீரென்று வேறு ஆளாகிவிட்டானா? இங்கேதான் நான் அன்று செய்யாத கணக்கு இருக்கிறது. மில்வாக்கியில் அவருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு 11.6 நிமிஷம். அதில் 4.9. அதே வேகத்தில் 36 நிமிஷம் ஆடினால் 15 பாயிண்ட்டுக்கு மேல் வரும். ஆர்லாண்டோவில் கிடைத்தது 36.1 நிமிஷம், எடுத்தது 17.3. வேகம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. நிமிஷம்தான் மூன்று மடங்கு. மிச்ச வளர்ச்சி எல்லாம் நம் கண்ணுக்கு மட்டும் தெரிந்த வளர்ச்சி, பையன் மைதானத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைத்தான் செய்தான்.

சரி, பாடம் படித்தாயிற்று என்று நினைத்தேன். அடுத்த அக்டோபரில் எங்கள் டிராஃப்டில் (சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் நாள்) ஹாரிஸைக் கொஞ்சம் மேலேயே, ஒரு நல்ல சுற்றையே விலையாகக் கொடுத்து எடுத்தேன். எனக்கு முன்னால் அண்ணன் மறுபடி எடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு. அவர் எடுக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கணுக்காலில் அடி, சீசனின் தொடக்கத்தில் ஆளே இல்லை. வந்த பிறகு 14.6 பாயிண்ட், 7 ரீபவுண்டு. மோசமில்லை, ஆனால் நான் கொடுத்த விலைக்கு இது காணாது. முக்கியமாக, நான் அவரை எடுத்ததற்குப் பாதிக் காரணம் பிளாக். அந்த 27 ஆட்டத்தில் சராசரி 1.4 பிளாக். பாயிண்ட்டும் எடுத்து, ரீபவுண்டும் எடுத்து, பிளாக்கும் போடுகிற ஃபார்வர்டு என்றால் ஒன்பது கணக்கு லீக்கில் தங்கம். அடுத்த சீசனில் அது 0.4. கல்லூரியிலும் மில்வாக்கியிலும் பிளாக்குக்குப் பேர் வாங்காத ஒருவர் ஏழெட்டு வாரம் கை நீட்டிய இடமெல்லாம் பந்து வந்து பட்டிருக்கிறது. அதை நான் திறமை என்று எழுதிக்கொண்டேன்.

பந்தியும் மாறியிருந்தது. டேவிஸ் குணமாகி வந்தார். 2013 என்பிஏ டிராஃப்டில் (டீம்கள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் நாள்) இரண்டாவது ஆளாக எடுத்த விக்டர் ஒலடிப்போ கையில் பந்து போக ஆரம்பித்தது. 27 ஆட்டத்தில் காலியாக இருந்த இலைகளில் இப்போது ஆட்கள்.

அதனால் டிரேட் ஆன பையனைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் ஒன்பது கணக்கையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். நிமிஷம் கூடினால் பாயிண்ட்டும் ரீபவுண்டும் கூடும், அதை நம்பலாம். ஃப்ரீ த்ரோ அவன் கையோடு வருவது, ஊர் மாறினாலும் பெரிதாக மாறாது. அதில் 65 சதவீதம் போடுகிறவனுக்கு நிமிஷம் கூடினால் உங்களுக்கு நஷ்டமும் சேர்ந்தே கூடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். டர்ன்ஓவரும் அப்படித்தான். ஸ்டீல், பிளாக் இரண்டையும் ஒரு முழு சீசன் பார்க்காமல் விலையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நான் பட்டவன் சொல்கிறேன்.

நிமிஷம் மட்டுமே கதை என்றும் நினைத்துவிட வேண்டாம். லௌரி மார்க்கனன் இருக்கிறாரே. கிளீவ்லாந்தில் அவர் பெஞ்சில் இல்லை. 2021-22இல் ஆட்டத்துக்கு 30.8 நிமிஷம் ஆடினார், 14.8 பாயிண்ட். ஆனால் ஜாரெட் ஆலன், இவான் மோப்லி என்று இரண்டு நெட்டையர்கள் வளையத்தடியை அடைத்துக்கொண்டிருக்க, ஏழடி மனுஷன் ஸ்மால் ஃபார்வர்டாக வெளியே நின்று பந்து வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2022 செப்டம்பரில், டானவன் மிச்சலைக் கிளீவ்லாந்து வாங்கிய டிரேடில், மார்க்கனன் யூட்டாவுக்கு. அங்கே பழைய பெரிய தலைகளில் கோபேர் போயாயிற்று, மிச்சல் போயாயிற்று, சில வாரத்தில் போக்டனோவிச்சும் டிட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். நிமிஷம் 34.4 ஆனது, பெரிய மாற்றமில்லை. பாயிண்ட் 25.6! ஃபீல்டு கோல் 44.5 சதவீதத்திலிருந்து 49.9. அந்த வருஷம் மிக அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

இதில் ஒரு துப்பு முன்பே கிடைத்தது. டிரேட் ஆன அதே மாதம் ஐரோப்பியக் கோப்பையில் ஃபின்லாந்துக்காகக் குரோயேஷியா மீது 43 பாயிண்ட் எடுத்தார். டீமின் முதல் ஆளாக விட்டால் என்ன செய்வார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு டிராஃப்டின் பின்பாதியில் அவரை எடுத்தேன். என் ஃபேண்டஸி வாழ்க்கையில் நான் பீற்றிக்கொள்ளக்கூடிய ஒரே விஷயம் இது என்பதால் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காலி டீமுக்கு இன்னொரு முகமும் உண்டு. பந்தி ஏன் காலி? தோற்கிற டீம் என்பதால்தான். தோற்கிற டீமுக்கு மார்ச் மாதம் வந்தால் ஜெயிக்கிற ஆசையே இருக்காது, தோற்றால் முன்னால் ஆள் எடுக்க வாய்ப்பு கூடும் என்று அடுத்த என்பிஏ டிராஃப்டில்தான் கண். அப்போது நல்ல ஆட்டக்காரருக்கு இடுப்பு வலிக்கும், முதுகு வலிக்கும். 2025 மார்ச்சில் மார்க்கனனை ஆட வைக்காததற்காக யூட்டாவுக்கு லீக் ஒரு லட்சம் டாலர் அபராதமே போட்டது. அந்த சீசனில் அவர் ஆடியது 47 ஆட்டம். நம் ஃபேண்டஸி பிளேஆஃப் வருவது சரியாக அந்த வாரங்களில்தான். 22 வயதுப் பையனுக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு, அவனை வளர்க்கத்தானே வாங்கியிருக்கிறார்கள். டீமிலேயே பெரிய தலை ஆகிவிட்டவருக்குத்தான் இந்த முதுகுவலி வரும்.

மிக்கேல் பிரிட்ஜஸையும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் கெவின் டுராண்ட் டிரேடில் ஃபீனிக்ஸிலிருந்து புரூக்ளினுக்கு. அங்கே சராசரி 26.1 பாயிண்ட். எத்தனை ஆட்டத்தில்? 27. (27 நட்சத்திரம் போல இந்த எண்ணும் என் ஜாதகத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.) அடுத்த சீசன் முழுக்க ஆடி 19.6. அந்த 26ஐ நம்பி முதல் இரண்டு சுற்றில் எடுத்தவர்களின் முகத்தை நான் எங்கள் குழுவில் பார்த்தேன். நான் எடுக்கவில்லை. ஒரு 27க்கு ஏற்கெனவே விலை கொடுத்தவன் நான்.

ஹாரிஸுக்கு வருவோம், அவர் கதை முடியவில்லை. மில்வாக்கியில் முதலில் அவருக்குக் கோச்சாக இருந்த ஸ்காட் ஸ்கைல்ஸ் 2015இல் ஆர்லாண்டோவுக்கும் கோச்சாக வந்து சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியில் ஹாரிஸ் டிட்ராய்ட்டுக்கு டிரேட். பதிலுக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? ஜென்னிங்ஸும் இல்யாசோவாவும். மில்வாக்கியில் அவருக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள்! ஆர்லாண்டோவில் 13.7 ஆகக் குறைந்திருந்த சராசரி டிட்ராய்ட்டில் 16.6 ஆனது. அங்கே அந்த சீசனில் ஆடியது, ஆமாம், 27 ஆட்டம்.

பிறகு லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் டீம். 2018-19இல் அங்கே அவர் உச்சத்தில் இருந்தார். 20.9 பாயிண்ட், மூணு பாயிண்ட்டில் 43.4 சதவீதம். எங்கள் லீக்கில் அந்த வருஷமும் அவர் ஆடிட்டர் அண்ணனிடம்தான். 2019 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அவரை வாங்கியது. நல்ல டீம், கோப்பைக் கனவு. பத்திரிகைகள் எல்லாம் ஹாரிஸுக்கு யோகம் என்று எழுதின. குழுவிலும் வாழ்த்து மழை.

அன்று அண்ணன் தனியாக மெசேஜ் அனுப்பினார். "தம்பி, உனக்குத்தான் ஹாரிஸ்னா உயிராச்சே. உன் மூணாவது ரவுண்டு ஆளைக் குடுத்துட்டு எடுத்துக்கிறியா?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஆளை விட்டுவிட்டு டீமைப் பார்த்தேன். எம்பீட். சிம்மன்ஸ். ஜிம்மி பட்லர். நான்காவதாக, 2013இல் யாருக்காக ஹாரிஸை மில்வாக்கி தள்ளிவிட்டதோ அந்த ஜே.ஜே. ரெடிக்கே அங்கே உட்கார்ந்திருந்தார். நாலு இலையும் போட்டாயிற்று, சாதமும் பரிமாறியாயிற்று.

வேண்டாம்ணே என்று பதில் போட்டேன். அவர் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பிவிட்டு, அன்று மாலைக்குள் வேறொருவர் தலையில் கட்டிவிட்டார். ஃபிலடெல்ஃபியாவில் மிச்சமிருந்த 27 ஆட்டத்தில் ஹாரிஸின் சராசரி 18.2, மூணு பாயிண்ட் 32.6 சதவீதம். அந்த வருஷம் பிரியாணி வாங்கிக் கொடுத்தது அந்த வேறொருவர்தான். ஆட்டு பிரியாணி, நன்றாகவே இருந்தது.