சில ஸ்கேனில் மட்டுமே கதிர்வீச்சு உண்டு

"எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, வயிற்று ஸ்கேன், எதை எடுத்தாலும் கதிர்வீச்சு உடம்பில் தங்கிப் புற்றுநோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பிக் கர்ப்பிணிகள் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

வயிற்று ஸ்கேனில் பசை தடவி உருட்டும் கருவி அனுப்புவது காதுக்குக் கேட்காத ஒலி, அவ்வளவுதான். எம்ஆர்ஐ காந்தத்தாலும் ரேடியோ அலையாலும் இயங்குகிறது. கொலுசு, மோதிரத்தைக் கழற்றச் சொல்வது அந்தக் காந்தத்துக்காகத்தான்.

எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கதிர்வீச்சு உண்டு. ஆனால் விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல் அதுவும் போய்விடும். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மார்பு சிடிக்குச் சுமார் 7 மில்லிசீவர்ட். அதனால் சிடியைத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

உடம்பில் கொஞ்ச நாள் தங்குவது தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131 போன்ற கதிரியக்க மருந்துகள்தான். அயோடின்-131-இன் கதிரியக்கமும் சுமார் 8 நாளில் பாதியாகிவிடும்.

கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். பழைய சிடி படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். சில சமயம் மறுபடி எடுக்கவே தேவைப்படாது.