அந்த ஒரு கரண்டி நெய்

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பேசாமல் இருந்தேன். முடியவில்லை. அம்மா பேத்திக்கு ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்து வைத்த பருப்புச் சோற்றை நீங்கள் தள்ளி வைத்துவிட்டு, "ஒன்றரை வயசிலேயே கொழுப்பை ஏத்தணுமா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டது சரியே இல்லை.

குழந்தைக்குக் கொழுப்பு வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், வேண்டும். தாய்ப்பால் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. மூளையில் உள்ள நீரை நீக்கிவிட்டு எடை போட்டால் பாதிக்கு மேல் கொழுப்பு. நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு நிறைந்த உறை வேகமாக உருவாவது முதல் இரண்டு வருடங்களில். அந்த வயதில் கொழுப்பைக் குறைக்காதீர்கள் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

"நெய்யால்தானே மாரடைப்பு?" என்பீர்கள். நெய்யில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், பெரியவர்கள் அளவோடுதான் சாப்பிட வேண்டும். சரி. கொலஸ்ட்ரால் ஏறிய ஐம்பது வயதுக்காரருக்குச் சொன்னதைப் பால்பல் முளைக்கும் பிள்ளைக்குச் சொல்லலாமா?

"எண்ணெயே இல்லாமல் நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பவர்களுக்கு: நானும் இருந்து பார்த்தேன். கல்லூரி முடித்த வருடம் எட்டு மாதம் எண்ணெய், தேங்காய், கடலை எதையும் தொடவில்லை. எடை இறங்கியது, எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் தோல் வறண்டு உரிந்தது, மாதவிடாய் நின்றுபோனது. 1929இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தார்கள். அவற்றுக்கும் தோல் செதிலாகி, கடைசியில் செத்தும் போயின. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியில்தான் தெரிந்தது.

என்னைத் தேற்றியது அம்மா. முருங்கைக்கீரையை எண்ணெயில் வதக்கி, தேங்காய்ப்பூ தூவி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தார். கீரையில் உள்ள, வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும் என்று அவர் எங்கும் படித்ததில்லை. ஆனால் எண்ணெய் விடாமல் ஒருநாளும் கீரை சமைத்ததில்லை.

"அக்கறையில்தான் சொன்னேன்" என்றால், சோற்றைத் தள்ளிவிட்டு அதே பிள்ளை கையில் கிரீம் பிஸ்கட்டை ஏன் கொடுத்தீர்கள்? அதிலும் கொழுப்புதானே இருக்கிறது, சர்க்கரையோடு சேர்த்து? தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். பிசைந்த கையோடு எழுந்து போனவர் அன்று சாப்பிடவே இல்லை.

மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். இப்போது ஒவ்வொரு வேளையும் நெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "போடலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்.