கலைஞர் போகல சரி, நம்ம வீட்ல என்ன பண்ணோம்?

மார்ச் மாசம் வந்தா போதும், 1990ல ஐபிகேஎஃப், அதாவது இலங்கைக்கு இந்தியா அனுப்பின அமைதிப்படை, திரும்பி வந்தப்ப முதலமைச்சரா இருந்த கலைஞர் வரவேற்க போகாதது சரியா தப்பான்னு யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சுடுறாங்க, கீழ ரெண்டு பக்கமும் அடிச்சுக்குது. அடிச்சுக்கட்டும். அந்தப் படையில இருந்த ஆளுங்க அவங்கவங்க ஊருக்கு போய் பஸ்ஸ விட்டு இறங்கினப்ப வீட்ல என்ன வரவேற்பு கிடைச்சுதுன்னு மட்டும் யாரும் பேசறதில்ல.

எங்க சித்தப்பா அதுல போனவர். கடைசி கப்பல்ல கூட வரல, அதுக்கு முன்னாடியே திரும்பிட்டார். வேலூர் பக்கம் எங்க ஊர்ல மிலிட்டரிக்காரர்னா பெரிய அதிசயம் இல்ல, 71 பாகிஸ்தான் சண்டைக்கு போனவங்க திண்ணையில உக்காந்து கதை சொன்னா தெருவே கேக்கும். இலங்கைக்கு போனவங்க கதைய மட்டும் யாரும் கேக்கல. ஏன்னா இவங்க வர்றதுக்கு முன்னாடியே கதை வந்துடுச்சு. 1987 ஜூலைல இந்தியா-இலங்கை ஒப்பந்தம், மாலை போட்டு வரவேற்ற அதே யாழ்ப்பாணத்துல அக்டோபர்ல புலிகளோட சண்டை, தீபாவளி அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குள்ள இந்தப் படை புகுந்து டாக்டர் நர்ஸ் நோயாளின்னு பாக்காம சுட்டது. எங்க அப்பா ஈழ ஆதரவு கூட்டம்னா சைக்கிள எடுத்துடுவார். தம்பி அங்க யூனிஃபார்ம்ல, அண்ணன் இங்க கருப்புக்கொடியோட.

வீட்ல ஒரே ரேடியோ. சாயந்தரம் பிபிசி தமிழோசை போட்டா அப்பா ஒரு காரணத்துக்கு கேப்பார், அப்பாவோட அம்மா, எங்க ஆயா, வேற காரணத்துக்கு கேப்பாங்க. இந்திய சிப்பாய் இத்தன பேர் செத்தாங்கன்னு வந்தா ஆயா எழுந்து உள்ள போயிடுவாங்க.

ஆயா 1988ல போயிட்டாங்க. எங்க பக்கம் அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி, ஆத்தாளுக்கு இளையவன். இளையவர் வரல. தந்தி எங்க மாட்டிச்சோ, கைக்கு கிடைச்சப்ப இங்க காரியமே முடிஞ்சு போச்சு. அப்பாதான் வச்சார். பெத்தவளுக்கு கொள்ளி வைக்க வராதவன்னு சொந்தக்காரங்க வாயில ஒரு பேச்சு நின்னு போச்சு.

ரெண்டு பேரும் இத நேருக்கு நேர் பேசினது ரொம்ப வருஷம் கழிச்சு, வீட்ட பாகம் பிரிக்க உக்காந்தப்ப. அளவு பத்தி என்னமோ சண்டை, திடீர்னு அப்பா கொள்ளி விஷயத்த எடுத்தார். சித்தப்பா சத்தமே போடல. "நான் ஊருக்கு வந்த அன்னிக்கு வாசல்ல நிக்க வச்சு என்னா கேட்ட அண்ணே? எத்தன தமிழன கொன்னுட்டு வந்தன்னு கேட்ட. அம்மா எப்படி செத்தாங்கன்னு கேக்கத்தான் நான் வந்தேன், நீ அத கேட்டதும் வாய மூடிக்கினேன்."

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "அம்மா கடைசில என்கூட பேசறதயே நிறுத்திடுச்சுடா. பேசாமயே போயிடுச்சு. உன் கொள்ளிய நான் வச்சேன்." இது எங்க அம்மாவுக்கே அதுவரைக்கும் தெரியாது!

அங்க என்ன நடந்துச்சுன்னு சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்றார். தமிழ் தெரிஞ்சவர்னு செக்பாயின்ட்ல நிக்க வச்சிருக்காங்க, ஆபீசர் இந்தியில கேக்கறத இவர் தமிழ்ல கேக்கணும். ஒரு வயசான அம்மா "தம்பி நீங்களும் தமிழ் ஆக்களோ"ன்னு கேட்டப்ப தலைய குனிஞ்சுக்கிட்டாராம். 1991 மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் செத்ததுக்கு அப்புறம் பாத்தா, அதுவரைக்கும் மூஞ்சி குடுக்காத ஊர்க்காரங்க டீக்கடையில புடிச்சு வச்சு புலிகளப்பத்தி சொல்லுன்னு கேட்டிருக்காங்க. திட்டுவார்னு எதிர்பாத்து. இவர் டீய கூட குடிக்காம எழுந்து வந்துட்டார். முன்னாடி வாசல்ல அப்பா கேட்டதும் அவருக்காக இல்ல, இப்ப இவங்க கேட்டதும் இல்ல.

இந்தப் படையில 1,100 பேருக்கு மேல செத்திருக்காங்க, அவங்களுக்கு கொழும்பு பக்கத்துல பத்தரமுல்லைல நினைவுச்சின்னம் இருக்கு. நம்ம ஊர்ல எத்தன பேருக்கு இது தெரியும்? அதுக்காக சித்தப்பா நல்லவர்ங்கறதால ஆஸ்பத்திரில நடந்தது இல்லன்னு ஆயிடாது, அப்பா அத விட்டுக்குடுக்கல, நானும் விட மாட்டேன். ஆனா டெல்லியையும் கொழும்பையும் கேக்க வேண்டியத டிரங்க் பெட்டியோட வாசல்ல நிக்கறவர்கிட்ட கேட்டது அநியாயம், அத அப்பா முன்னாடியே சொல்லிட்டேன், முறைச்சார்.

இப்ப ஆயா திதிய ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடுக்கறாங்க. இந்த தடவையும் படையல் முடிஞ்சு இலை போட்டதும் ஒப்பந்தத்துல ஏமாந்தது ராஜீவா, ஏமாத்தினது அப்ப இலங்கை ஜனாதிபதியா இருந்த ஜெயவர்தனாவான்னு ஆரம்பிச்சுட்டாங்க. வடை ஆறிப்போச்சு, நான் பாயசத்த குடிச்சுட்டு எழுந்துட்டேன்.